நானோ ஒத்ததிர்விகளில் ஆற்றல் இழப்பைக் குறைத்தல்: இழுவிசையின் பங்கு

முன்னுரை

அதிரும் பொருள் ஒவ்வோர் அலைவிலும் தன் ஆற்றலில் ஒரு பகுதியை இழக்கிறது. இவ்விழப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவுக்குத் தரக்காரணி உயரும். மிக நுண்ணிய விசைகளை அளப்பதற்கும், இயந்திர அதிர்வைக் குவாண்டம் நிலையில் ஆராய்வதற்கும் உயர்ந்த தரக்காரணி இன்றியமையாதது. ஆனால் ஒத்ததிர்வி மெலிய மெலிய, கன அளவை விடப் புறப்பரப்பின் உராய்வு மேலோங்கி இழப்பு கூடுகிறது. சிலிக்கான் நைட்ரைடு படலத்தின் உள்ளார்ந்த தரக்காரணி 100 நானோமீட்டர் தடிமனில் ஏறத்தாழ 6000. 20 நானோமீட்டரில் 1200 அளவே. பொருளை மட்டும் நோக்குவோர்க்கு இது ஏமாற்றமளிக்கும் எண். இதே பொருளாலான கம்பி 80 கோடித் தரக்காரணியை எட்டியது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இழப்பு நீர்த்தல்

உராய்வு அகற்றப்படவில்லை, உராய்வுக்கு ஆட்படாத இடத்தில் ஆற்றல் சேமிக்கப்பட்டது. இதுவே 'இழப்பு நீர்த்தல்' எனப்படுவது. ஊசலில் புவியீர்ப்பு பெரும்பங்கு ஆற்றலை இழப்பின்றித் தாங்குவதால், ஈர்ப்பலைக் கருவிகளின் தொங்கு இழைகளை ஆராய்ந்தோர் இதனை முன்னரே அறிந்திருந்தனர். நானோ கம்பியில் அப்பணியை இழுவிசை செய்கிறது.

சிலிக்கான் நைட்ரைடு படலம் உருவாகும்போதே சுமார் 1 ஜிகாபாஸ்கல் இழுதகைவு அதில் நிலைத்துவிடுகிறது. கம்பி பக்கவாட்டில் அசையும்போது அந்த இழுவிசைக்கு எதிராகச் செய்யப்படும் வேலையே சேமிப்பாற்றலின் பெரும்பகுதி. அப்போது ஏற்படும் நீட்சியோ மிகச் சிறியது. ஆதலால் அதனால் விளையும் இழப்பும் புறக்கணிக்கத்தக்கது. ஆற்றலை உறிஞ்சுவது கம்பி வளையும் இடம் மட்டுமே. படலம் மெலிந்தால் வளைவாற்றல் விரைந்து குறைவதால், உள்ளார்ந்த தரம் தாழ்ந்தபோதும் மெல்லிய படலமே வெல்கிறது.

பிடிமுனைச் சிக்கல்

வளைவு எங்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. கம்பி சட்டகத்தோடு இணையும் முனையில் சாய்வு சுழியாக வேண்டியிருப்பதால் அங்கே வளைவு கூர்மையாகிறது. எஞ்சிய இழப்பின் பெரும்பகுதி அங்கேதான். கோபன்ஹேகனின் நீல்ஸ் போர் ஆய்வகத்தினர் 2017இல் இதற்கு நேர்த்தியான தீர்வு கண்டனர். படலத்தில் ஒழுங்கான துளைகளையிட்டு ஃபோனான் படிகமாக்கி, நடுவில் மட்டும் அவ்வொழுங்கைக் குலைத்தனர். அதிர்வு அந்நடுப்பகுதியில் அடைபட்டு, துளைவரிசைக்குள் படிப்படியாகத் தேய்ந்தது, கூர்வளைவு தவிர்க்கப்பட்டது. அறை வெப்பநிலையில் 777 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் கிடைத்த தரக்காரணி 21.4 கோடி. தூண்டலை நிறுத்திய பின் ஆற்றல் 37 விழுக்காடாகக் குறைய ஏறத்தாழ 44 விநாடி ஆகும் என்பது இதன் பொருள். தரக்காரணி, அதிர்வெண் ஆகியவற்றின் பெருக்கம் 6 லட்சம் கோடி ஹெர்ட்ஸைக் கடந்தால்தான் அறை வெப்பநிலையில் ஓர் அலைவுக்கேனும் குவாண்டம் ஒத்திசைவு நிலைக்கும். இங்கு அது 160 லட்சம் கோடிக்கும் மேல்.

சுவிட்சர்லாந்தின் லோசான் ஆய்வாளர்கள் 2018இல் மேலும் ஒரு படி சென்றனர். கம்பியெங்கும் இழுவிசை ஒன்றே. ஆகவே நடுப்பகுதியைக் குறுக்கினால் அங்கே தகைவு பெருகும். இவ்வாறு தகைவு 4 ஜிகாபாஸ்கலை நெருங்கியது. முன்னர்ச் சுட்டிய 80 கோடி எட்டப்பட்டது. 20 நானோமீட்டர் தடிமனுக்கு 7 மில்லிமீட்டர் வரை நீளம், அதாவது மூன்றரை லட்சம் மடங்கு. இத்தகைய கம்பியை முறியாமல் விடுவிப்பதே ஒரு கலை. உயர் வெற்றிடம் இல்லையேல் காற்றே அதிர்வை அடக்கிவிடும்.

தகைவை விருப்பம்போல் உயர்த்த இயலாது. பொருளின் முறிவு வலிமை குறுக்கிடும். அதனால் கவனம் மீண்டும் பொருளின்பால் திரும்பியுள்ளது. சிலிக்கான் நைட்ரைடு படிக ஒழுங்கற்றது. படிகச் சிலிக்கானிலோ குளிர்நிலையில் உள்ளுராய்வு வெகுவாகத் தணிகிறது. இழுத்து இறுக்கிய அத்தகைய கம்பிகள் சுமார் 7 கெல்வினில் 1000 கோடித் தரக்காரணியைக் கடந்தமை 2022இல் வெளியாயிற்று.