கித்தாப் பாலை அளந்தவர்

கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் இன்று அடுக்குமாடியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், விடியும் முன்பே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன பாட்டி ஒருவர் இருப்பார். அந்தப் பாட்டிகள் மங்கில் வடித்த பாலுக்குள் என்ன நடக்கிறது என்று துருவிப் பார்த்தவர் பி. சி. சேகர். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். சுங்கை பூலோவுக்கு அருகே உலு பூலோ தோட்டத்தில் 1929இல் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர்.

இரண்டாம் உலகப் போரில் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும், ரப்பர் கிடைக்காத அமெரிக்கா செயற்கை ரப்பரை ஆலையில் மலைமலையாகச் செய்யத் தொடங்கியது. போர் ஓய்ந்த பிறகும் அது சந்தையை விட்டுப் போகவில்லை. அதன் தரத்துக்கு ஆலையே உறுதி சொன்னது. நம் தோட்டத்து ஷீட்டையோ வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறத்தையும் புள்ளியையும் பார்த்துத் தரம் பிரித்தார்கள். டயர் ஆலைக்குக் கண்மதிப்பு போதவில்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. இயற்கை ரப்பர் கிடங்கில் கிடக்கக் கிடக்க இறுகும். கப்பலில் ஏற்றியபோது இருந்த பதம் இறக்கும்போது இருக்காது. அதைப் பிசைந்து இளக்கவே ஆலைக்கு நேரமும் மின்சாரமும் செலவாகும். ரப்பர் என்பது ஐசோப்பிரீன் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. அதில் அங்கங்கே ஒட்டியிருக்கும் ஆல்டிஹைடு தொகுதிகளே பக்கத்துச் சங்கிலியோடு முடிச்சுப் போடுகின்றன என்று சேகரின் ஆய்வு காட்டியது. மருந்து எளிது: ரப்பரின் எடையில் 0.15 சதவீதம் அளவுக்கு ஹைட்ராக்சிலமீன் உப்பைப் பாலில் கலந்தால் ஆல்டிஹைடு அதனோடு சேர்ந்து அடங்கிவிடும். முடிச்சு விழாது. நோயை மூலக்கூறில் கண்டு, மருந்தைத் தோட்டத்துத் தொட்டியிலேயே ஊற்றிய இந்த வேலைதான் என் கண்ணுக்கு அவருடைய சாதனைகளில் முதன்மையானது.

கண்மதிப்புக்கு மாற்றாக 1965இல் எஸ்.எம்.ஆர். என்னும் மலேசியத் தர ரப்பர் திட்டம் வந்தது. அழுக்கு, சாம்பல், நைட்ரஜன் எல்லாம் எண்ணாகின. சிறு துண்டு ரப்பரை 140 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, முன்பிருந்த பதத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் அளந்தார்கள். உறைந்த பால் உருளையில் பொலபொலவென்று உதிர, சிறிது ஆமணக்கெண்ணெய் கலக்கும் முறையும் அக்காலத்தில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் உருவானதே. நாள்கணக்கில் புகைக்கூடத்தில் காய்ந்து வந்த ரப்பர் சில மணி நேரத்தில் காய்ந்தது.

1966இல் சேகர் அக்கழகத்தின் முதல் ஆசிய இயக்குநரானார், 1973இல் மகசேசே விருது பெற்றார், 2006இல் காலமானார்.

ரப்பரின் தரம் உயர்ந்த அளவுக்கு வெட்டியவர் கூலி உயரவில்லை. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் இயற்கை ரப்பர் தோற்றுவிடவில்லை; விமான டயர்களில் இன்றும் பெரும்பங்கு அதுதான். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, அறிவியல் வகுப்பில் ஒரு நாள் பால் வாளியையும் அந்தச் சங்கிலி மூலக்கூறையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டுங்கள்.