அகத்தியின் ஓடுபாதையும் ஒன்பது லிட்டர் தண்ணீரும்

2024 ஜனவரி முதல் வாரத்தில் பிரதமர் மோடி லட்சத்தீவுக்குப் போனார். கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்த படமும், ஸ்நார்க்கல் முகமூடியோடு கடலில் மிதந்த படமும் வெளியாயின. மாலத்தீவின் துணை அமைச்சர்கள் சிலர் அவரை இழிவாகப் பேசிவிட, மாலத்தீவை விட்டு லட்சத்தீவுக்குப் போவோம் என்று தொலைக்காட்சிகள் முழங்கின. தன் தளத்தில் லட்சத்தீவு பற்றிய தேடல் 3,400 சதவீதம் கூடிவிட்டதாகப் பயண முன்பதிவு நிறுவனமான மேக்மைட்ரிப் அறிவித்தது.

சரி, இத்தனை பேரும் எப்படிப் போவது? அங்கிருக்கும் ஒரே விமான நிலையம் அகத்தி. ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர். அது முடிந்தால் கடல். ஏடிஆர் போன்ற சிறிய விமானங்கள்தான் இறங்கும். பெரிய விமானத்துக்கு வழியில்லையே என்று செய்திகள் குறைப்பட்டுக்கொண்டன. தீவைக் காப்பாற்றி வந்ததே அந்தக் குட்டி ஓடுபாதைதான் என்பேன் நான்.

காரணம் தண்ணீர். லட்சத்தீவு போன்ற பவளத் தீவில் ஆறு கிடையாது. மண்ணில் இறங்கும் மழைநீர், அடியிலிருக்கும் உப்பு நீரின்மேல், ரசத்தில் நெய் மிதப்பது போல மெல்லிசாக நிற்கும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் உப்பு மேலேறும், கிணறு கரிக்கும்.

அதனால்தான் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் லட்சத்தீவின் கவரத்தி தீவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றை அமைத்தது. கடலின் மேல்நீர் வெதுவெதுப்பானது. காற்றழுத்தத்தைக் குறைத்தால், சூடாக்காமலேயே அது ஆவியாகும். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்த குளிர்நீரைக் குழாய்களில் ஓடவிட்டால், ஆவி அதில் பட்டு நல்ல தண்ணீராகச் சொட்டும். என்ன அருமையான யோசனை! நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். கவரத்தியில் சுமார் 11,000 பேர். தலைக்கு ஒன்பது லிட்டர். குடிக்க, சமைக்கப் போதும். விடுதியில் ஒருவர் ஷவரைத் திறந்து நிதானமாகக் குளித்தால், அதைப்போலப் பல மடங்கு போய்விடும். ஆலையின் பம்பு ஓடவும் மின்சாரம் வேண்டும். தீவில் அது பெரும்பாலும் டீசல் மின்சாரம், டீசலோ கப்பலில் வர வேண்டும்.

தீவுக்காரர்களுக்கு வருமானம் வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். லட்சத்தீவின் இன்னொரு தீவான மினிக்காயில் புதிய விமான நிலையம் கட்டும் பேச்சும் நடக்கிறது. அந்தச் செய்தியை எழுதும் நிருபர், ஓடுபாதை எத்தனை மீட்டர் என்பதோடு, வருகிறவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், குப்பை எங்கே போகும் என்றும் கேட்டு எழுதட்டும். அதையும் படித்துவிட்டு நாம் பெட்டி கட்டலாம்.