பீச் மரத்துக்கு ஒரு சுவர், ஒரு கூரை

பீச்சும் நெக்டரினும் குளிர்ப் பிரதேசப் பழங்கள்தானே, இங்கிலாந்தில் தானாக விளையாதா என்று கேட்கலாம். அவ்வளவு சுலபம் இல்லை, நண்பர்களே. குளிர்காலத்தில் நல்ல குளிர் பட்டால்தான் இந்த மரம் பூக்கும், அது உண்மை. ஆனால் குளிர் முழுசாப் போகும் முன்பே பூத்துவிடும். அப்போது உறைபனி இறங்கினால் பூ கருகும். கோடையும் குறைவு, பழம் பழுக்கச் சூடு பத்தாது. நெக்டரின் என்பது தோலில் ரோமம் இல்லாத பீச்தான். அதற்கு இன்னும் கொஞ்சம் சூடு வேணும்.

சூட்டுக்கு அவர்கள் கண்ட வழி சுவர். அங்கே சூரியன் தெற்குப் பக்கமாகவே சாய்ந்து போகும். அதனால் தெற்கு பார்த்த செங்கல் சுவரை ஒட்டி மரத்தை நட்டு, கிளைகளை விசிறி மாதிரி விரித்துக் கம்பியில் கட்டுகிறார்கள். பகலில் வெயிலை டெபாசிட்டாக வாங்கி வைக்கிற சுவர், ராத்திரி அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். பாரிஸ் பக்கத்து மோந்த்ரேய் ஊரில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே இப்படிச் சுவர் சுவராகக் கட்டி பீச் விளைவித்தார்கள்.

சூட்டைவிடப் பெரிய தலைவலி இலைச்சுருள் நோய். இலை தடித்து, சிவந்து, கொப்புளம் கட்டி உதிர்ந்துவிடும். மறுபடி துளிர்க்கும், ஆனால் வருஷா வருஷம் இப்படியே போனால் மரம் இளைத்துவிடும். காரணம் ஒரு பூஞ்சை. பட்டையிலும் மொட்டு இடுக்கிலும் அதன் வித்துகள் குளிர்காலத்தைக் கழிக்கும். மொட்டு விரியும்போது மழை ஈரம் பட்டால் இளந்துளிருக்குள் புகுந்துவிடும்.

உடனே 'என்ன அடிக்கலாம்?' என்றுதான் கேட்போம். போர்டோ கலவைதான் பழைய பதில். அளவு கட்டி, இயற்கை விவசாயத்திலும் பல நாடுகளில் அனுமதிக்கிற மருந்துதான். ஆனால் தாமிரம் மக்காது. மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவையும் பாதிக்கும்.

மருந்தே இல்லாத வழி, கூரை. நவம்பர் வாக்கில் சுவரில் சாய்ப்பு இறக்கி பிளாஸ்டிக் தாள் போட்டு, மே பாதி வரை மழை மரத்தில் படாமல் காக்கிறார்கள். மொட்டு நனையாவிட்டால் பூஞ்சைக்கு நுழைய வழி இல்லை. உறைபனிக்கும் அதுவே ஓரளவு பாதுகாப்பு. தேனீ வந்து போக இரு பக்கமும் திறந்திருக்கணும். குளிருக்குத் தேனீ வராவிட்டால், மத்தியானத்தில் மென்மையான பிரஷ்ஷால் பூப் பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்க்கிறார்கள்.

கூரைக்கு ஒரு செலவும் உண்டு. சுவரடி மண் ஏற்கெனவே சீக்கிரம் காயும். மழையும் தடைபடுவதால் தண்ணீர் ஊற்றி, மூடாக்குப் போட்டே ஆகணும்.

நம் தோட்டத்தில் நோய் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: அது எந்த வழியாக உள்ளே வருது? மருந்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.