றொக் இசையும் நாங்களும்

புலம்பெயர்ந்து வந்த எம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "பிள்ளை காதில ஏதோ மாட்டிக்கொண்டு அறைக்குள்ளயே கிடக்குது. என்ன பாட்டெண்டு கேட்டால் றொக் எண்டுது. ஒரே இரைச்சல்." கோயில் மண்டபத்திலும் பிறந்தநாள் வீடுகளிலும் இதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன, தொழிற்சாலையில் இரும்புத் தகடு வெட்டுகிற ஒருவன் இசை பற்றி எழுதுவதா என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் இந்த இசையை உண்டாக்கியவர்களில் பலர் எங்களைப் போலத் தகடு வெட்டியவர்கள்தான். அதனால் எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நான் வேலை செய்வது பேர்மிங்ஹாம் நகருக்குப் பக்கத்தில். இந்த நகரின் அஸ்ரன் பகுதியில் வளர்ந்த நான்கு தொழிலாளர் வீட்டுப் பெடியன்கள்தான் பிளாக் சபத் குழு. பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் மாடு அறுக்கும் இடத்திலும், கார் ஹோர்ன் செய்யும் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர். கிற்றார் வாசித்த ரோனி அயோமி தகட்டுத் தொழிற்சாலையில் வெல்டிங் செய்தவர்.

அயோமியின் கதையை எனக்குச் சொன்னவர் எங்கள் வேலைத்தலத்தில் இருந்த ஒரு வயதான வெள்ளைக்காரர். 1965 இல் அயோமிக்கு 17 வயது. இசைக் குழுவோடு வெளிநாடு போகவிருந்ததால் வேலையை விட்டுவிட்டார். அன்று கடைசி நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், இனிப் போகவில்லை என்றாராம். தாயார், தொடங்கிய வேலையை முடித்துவிட்டு வா என்று அனுப்பினார். வழக்கமாகப் பிரஸ் மெசினில் நிற்பவர் அன்று வரவில்லை. பழக்கமில்லாத அந்த மெசினில் இவரை விட்டார்கள். வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடதுகைக்காரர், கிற்றாரின் தந்திகளை அழுத்துவது அந்த வலது கைதான்.

(இடையில் ஒன்று: புதிதாக வந்த தம்பிமார், பழக்காத மெசினில் போய் நில் என்றால் "எனக்குப் பழக்கவில்லை" என்று சொல்லுங்கள். பயப்பட வேண்டாம். பழக்கிவிட்டுத்தான் விடவேண்டும் என்று 1998 இல் வந்த விதியே இங்கு இருக்கிறது.)

வேலைத்தல மேற்பார்வையாளர் அவருக்கு ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அது ஜாங்கோ றைன்ஹாட் என்ற ஜிப்சிக் கலைஞருடையது. 1928 இல் வண்டி தீப்பிடித்துக் கை கருகியபின், இரண்டு விரல்களால் கிற்றார் வாசித்து உலகப் புகழ் பெற்றவர் அவர். அதைக் கேட்ட அயோமி பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்கு மூடி செய்தார். பழைய தோல் ஜக்கெற்றிலிருந்து துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினார். தந்தி அழுத்த நோகும் என்பதால் மெல்லிய தந்திகள் போட்டார். பின்னர் 1971 இல் வந்த 'மாஸ்ரர் ஒவ் றியாலிற்றி'யில் தந்திகளைத் தளர்த்தி, சுருதியை இறக்கினார். இன்று உலகம் முழுக்க 'ஹெவி மெற்றல்' என்று சொல்லும் அந்தக் கனத்த ஓசையில் இந்த விரல்களுக்கும் பங்கு உண்டு.

அவர்களின் முதல் இசைத்தொகுப்பை 1969 ஒக்ரோபரில் ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்து முடித்தார்கள். 1970 பெப்ரவரி 13 இல் வெளிவந்தது. பெயரையும் அட்டையையும் பார்த்து, பேய் பிசாசு வணங்குகிறவர்கள் என்று பலர் பயந்தார்கள். குழுவின் பெயர் ஒரு திகில் படத்தின் பெயர். அட்டையின் உள்ளே இருந்த தலைகீழ்ச் சிலுவை இசைத்தட்டு நிறுவனத்தின் வேலை. குழுவினருக்கே அது பிடிக்கவில்லை. பிற்காலத்தில் மதுவிலும் போதையிலும் அவர்கள் சீரழிந்தது உண்மை. அதைப் பிள்ளைகளிடம் மறைக்கத் தேவையில்லை. வியட்நாமிலிருந்து திரும்பிய படையினர் போதை ஊசிக்கு அடிமையானதைப் பற்றி 1970 இலேயே பாட்டுச் செய்தவர்களும் அவர்கள்தான்.

அந்தப் பாட்டு இருப்பது இரண்டாவது தொகுப்பான 'பறனோயிட்'டில். எனக்கு மிகப் பிடித்தது அதுதான். அதன் முதற்பாட்டு 'வோர் பிக்ஸ்'. போரைத் திட்டமிடுகிறவர்கள் பத்திரமாக இருக்க, ஏழைப் பிள்ளைகள் சாக அனுப்பப்படுவதைச் சொல்கிறது. தொடக்கத்தில் விமானத் தாக்குதலுக்கு ஊதும் அபாயச் சங்கு கேட்கும். முதன்முறை கேட்டபோது தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நின்றுவிட்டேன். வன்னியில் எங்களுக்குச் சங்கு ஊத ஆளிருக்கவில்லை. கிபிரின் இரைச்சல்தான் சங்கு; கேட்டால் பங்கருக்குள் ஓடவேண்டும்.

அடுத்தது 'பிரிட்டிஷ் ஸ்ரீல்'. ஜூடாஸ் பிறீஸ்ற் குழுவினரும் இந்தப் பக்கத்து ஆட்களே. 1980 ஜனவரி 2 இல் இரும்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி மூன்று மாதம் நடந்தது. அது முடிந்த ஏப்ரலிலேயே இந்தத் தொகுப்பும் வந்தது. கிற்றார் வாசித்த கிளென் ரிப்ரன் இரும்பு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இப்போது மாதிரிக் கணினி ஓசைகள் இல்லாததால் பால் போத்தலை உடைத்தும், கரண்டி முள்ளுத் தட்டைக் குலுக்கியும் சத்தம் எடுத்தார்கள். எங்கள் பிரஸ் பகுதியில் நின்றவர்களுக்கு அந்தத் தாளம் புதிதாக இராது.

மூன்றாவது, லண்டன் குழுவான 'த கிளாஷ்' 1982 இல் வெளியிட்ட 'கொம்பற் றொக்'. கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். 1976 இல் இதே பேர்மிங்ஹாம் மேடையில் எரிக் கிளாப்ரன் என்ற பெரிய கிற்றார் கலைஞர், வெளிநாட்டவரை வெளியேற்ற வேண்டும் என்று பேசினார். அதற்கு எதிராக எழுந்ததுதான் 'இனவாதத்துக்கு எதிரான றொக்' இயக்கம். 1978 ஏப்ரல் 30 இல் லண்டன் விக்ரோறியா பூங்காவில் அவர்கள் நடத்திய பெரும் விழாவில் கிளாஷ் பாடினார்கள். 'கொம்பற் றொக்'கில் உள்ள 'ஸ்ரெயிற் ரு ஹெல்' மூடப்பட்ட இரும்பாலைகளையும், வரவேற்பில்லாத குடியேறிகளையும் பற்றியது. அந்தப் பாட்டின் இசைத் துண்டை எடுத்து 2007 இல் 'பேப்பர் பிளேன்ஸ்' செய்தவர் எங்கள் மாயா அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986 இல் தாயோடு அகதியாகத் திரும்பி வந்தவர். அந்தத் தொகுப்புக்குத் தாயின் பெயரான 'கலா' என்பதையே வைத்தார். மாயாவின் எல்லாப் பேச்சும் எனக்கு உடன்பாடில்லை; இந்தப் பாட்டு உடன்பாடு.

இசை கேட்கும் முறையும் மாறிவிட்டது. 1948 இல் வந்த நீண்ட இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம். எந்தப் பாட்டுக்குப் பின் எது என்று யோசித்து அடுக்கினார்கள். 1963 இல் கசற், 1982 இல் சீடி வந்தன. 1999 இல் நாப்ஸ்ரர் வந்தபின் பாட்டுகள் தனித்தனியாகப் பிரிந்தன. 2008 இல் தொடங்கிய ஸ்பொற்றிவையில் முப்பது வினாடி கேட்டால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதனால் புதுப் பாட்டுகள் ஓடிவந்து முதலிலேயே கழுத்தைப் பிடிக்கின்றன. 'வோர் பிக்ஸ்' பாட்டில் குரல் வருவதற்கே ஏறக்குறைய ஒரு நிமிடம் செல்லும்.

எனக்குப் பொறுமை பழக்கியது ஊர். பற்றறிக்குத் தடை இருந்த 90களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் கசற் போட்டுக் கேட்டோம். பிடிக்காத பாட்டென்று தாண்டி ஓடவிட்டால் கைதான் வீணாக நோகும். ஒரு பக்கத்தை முழுக்கக் கேட்போம். பிறகு பேனையைச் செருகிச் சுற்றி எடுப்போம்.

2025 ஜூலை 5 இல் நான்கு பேரும் அஸ்ரனில் உள்ள வில்லா பார்க் மைதானத்தில் கடைசித் தடவையாகச் சேர்ந்து வாசித்தார்கள். ஒஸி இருக்கையில் இருந்தபடி பாடினார். 22 ஆம் திகதி காலமானார். நகரத்தின் புறோட் வீதிவழியே உடல் கொண்டுபோனபோது சனம் இருபக்கமும் நின்றது. அங்கே நின்ற பலர் எங்கள் வேலைத்தலத்து ஆட்களைப் போலவே இருந்தார்கள்.

அந்தக் கிழமை என் மூத்தவள், பதின்மூன்று வயது, தன் தொலைபேசியில் ஒஸியின் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். பழைய சாமான் விற்கும் தருமக் கடையில் 'பறனோயிட்' சீடியை ஒரு பவுணுக்கு வாங்கிவந்து, காதுமாட்டி இல்லாமல், குசினியில் இருவருமாக முழுவதும் கேட்டோம். சங்கொலி வந்தபோது, "அப்பா, ஊரில இப்பிடித்தான் கேட்டதோ?" என்றாள். கிபிர் பற்றிச் சொன்னேன். பங்கர் பற்றிச் சொன்னேன். 2009 பற்றிக் கொஞ்சம் சொன்னேன், மிச்சத்தை இன்னும் சொல்லவில்லை. மனைவி, "சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ, பக்கத்து வீட்டுக்காரர் வரப்போகினம்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் வரத்தான் செய்தார். வாசலில் நின்றே கடைசிப் பாட்டுவரை கேட்டுவிட்டுப் போனார்.