பங்கோரில் நால்வர்

டிசம்பரில் தீவுக்கா என்று வீட்டில் கேட்டார்கள். கிழக்குக் கரையில்தான் அடைமழை. ரெடாங், பெர்ஹெந்தியான் விடுதிகள் பெரும்பாலும் மூடியிருக்கும். மேற்குக் கரைப் பங்கோருக்கு அந்தக் கவலை இல்லை. பள்ளித் தோழர்கள் நால்வர் லுமுட்டில் பெர்ரி ஏறினோம். ஒருவன் லண்டன் குளிருக்குத் தப்பி வந்தவன். இன்னொருவனுக்கு, இதய அறுவை சிகிச்சைக்குப் பின் இதுவே முதல் பயணம். பெர்ரி புறப்படுமுன்பே அவன் மனைவி எனக்கு மூன்று முறை போன் செய்துவிட்டார்.

1670-இல் கட்டிய டச்சுக் கோட்டையைப் பத்தே நிமிடத்தில் பார்த்து முடித்தோம். கடலைப் பார்த்திருக்கும் பத்திரகாளியம்மன் கோயிலில்தான் நேரம் போனதே தெரியவில்லை.

மாலையில் தெலுக் நிப்பாவில் இருவாச்சிகள் வந்து அமர்ந்தன. லண்டன்காரன் மணலிலேயே தூங்கிவிட்டான். மற்றவன் முழங்கால் ஆழத்தில் நின்றான்.

“போதும்டா, ஏறு” என்றேன்.

“டாக்டர் நீந்தத்தான் கூடாதுன்னாரு. நிக்கக் கூடாதுன்னு சொல்லலையே!”

இருட்டும்வரை நானும் பக்கத்திலேயே நின்றேன்.

திரும்பும்போது ஆளுக்கு ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கினோம். உப்பைக் குறைக்க வேண்டியவன் கடையைச் சுற்றிச் சுற்றி வந்து, கால் கிலோவை என் பையில் போட்டான். “வீட்ல சொல்லிடாதடா!”