எடையும் சொல்லும்: பள்ளி மாணவியரின் உணவுப் பழக்கம்

தமிழர் இல்லங்களில் நலம் விசாரிப்பது பெரும்பாலும் உணவில் தொடங்கி உடலில் முடிகிறது. ‘சாப்பிட்டாயா?’ என்னும் வினாவை அடுத்து, ‘இளைத்துவிட்டாயே’ என்றோ ‘சதை போட்டுவிட்டாயே’ என்றோ ஒரு கூற்று வரும். சொல்பவரின் உள்ளத்தில் இருப்பது அன்பே. ஆயினும், கேட்பவள் 13 வயது மாணவி எனின், அச்சொல் அவளுடைய அடுத்த வேளை உணவையே மாற்றிவிடக்கூடும். ஆகவே, மாணவியரின் உணவையும் எடையையும் பற்றிய இவ்வுரையில், அவற்றைக் குறிக்கும் சொற்களையும் சேர்த்தே ஆராய்வோம்.

முதலில் உடலியல் உண்மையைக் காண்போம். பெண்பிள்ளைகள் பூப்பெய்தும் பருவத்தில் விரைந்து வளர்கின்றனர். அப்போது இடுப்பிலும் தொடையிலும் கொழுப்புச் சேர்வது வளர்ச்சியின் இயல்பான கூறு, அது நோயன்று. மாதவிடாய் தொடங்கியபின் இரும்புச்சத்தின் தேவை கூடுகிறது. எலும்பு வளர்ச்சிக்குச் சுண்ணாம்புச்சத்தும் மிகுதியாக வேண்டும். இத்தகைய பருவத்தில்தான் பலர் காலை உணவைத் தவிர்க்கின்றனர். இடைவேளையில் பொரித்த பண்டத்தையும் பள்ளி விட்டதும் இனிப்பு மிகுந்த பபிள் தேநீரையும் நாடுகின்றனர். இவற்றில் ஆற்றல் உண்டு; சத்து குறைவு. எனவே, எடை மிகுந்த மாணவிக்கும் இரத்தச்சோகை இருக்கலாம். எடை ஒன்றே நலத்தின் அளவுகோல் ஆகாது.

அந்த அளவுகோலின் பெயரே ஒரு பாடம். எடையைக் கிலோகிராமில் கொண்டு, மீட்டரில் அளந்த உயரத்தின் இருமடியால் வகுத்துப் பெறும் எண்ணைச் சிலர் ‘உடல் பருமன் குறியீடு’ என்கின்றனர். சிலர் ‘உடல் நிறைச் சுட்டெண்’ என்கின்றனர். ‘பருமன்’ என்பது அளவை மட்டும் குறிக்கும் பொதுச்சொல்லாகவும் வழங்கியதுண்டு. இன்றைய வழக்கில் அது மிகைக் கொழுப்பையே நினைவூட்டுகிறது. எனவே, மெலிந்த மாணவிக்கும் ‘பருமன்’ கணக்கிடுவதாகத் தோன்றும். ‘நிறை’ என்பதற்கு இக்குறையில்லை. மேலும், ஆசியர்க்கு 23 முதல் இடர் கூடத் தொடங்குகிறது என்னும் வரம்பு வளர்ந்தோருக்குரியது. மாணவியரின் எண்ணை வயதுக்கும் பாலுக்கும் உரிய வளர்ச்சி வரைபடத்தில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

தொடரமைப்பும் கருதத்தக்கது. ‘அவள் குண்டு’ என்னும் தொடரில் வினையில்லை. ஆதலால் காலமும் இல்லை. ஒரு நிலை அவளுடைய அடையாளமாகவே நிறுத்தப்படுகிறது. ‘அவளுடைய எடை கூடியிருக்கிறது’ என்பதிலோ வினை உண்டு, காலம் உண்டு. கூடியது குறையலாம் என்னும் குறிப்பும் உண்டு. முன்னது ஆளைச் சுட்டுகிறது. பின்னது நிலையைச் சுட்டுகிறது. ‘ஒல்லி’, ‘நோஞ்சான்’ ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

பெயர் எத்துணை வலியது என்பதைச் சிங்கப்பூர் அறியும். 1992இல் கல்வி அமைச்சு பள்ளிகளில் ‘டிரிம் அண்ட் ஃபிட்’ திட்டத்தைத் தொடங்கியது. எடை மிகுந்த மாணவர்களுக்குக் கூடுதல் உடற்பயிற்சி அளிக்கப்பட்டது. அத்தகைய மாணவரின் விழுக்காடும் குறைந்தது. ஆனால் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கமான மூன்றெழுத்துகளைத் திருப்பிப் படித்தால் ‘ஃபேட்’ என்றாகும். அது கேலிக்கு இடமளித்தது. தனித்துப் பிரிக்கப்பட்ட பிள்ளைகளின் மனம் புண்படுவதும் பேசப்பட்டது. 2007இல் அதற்கு மாற்றாக, மாணவர் அனைவரின் உடல், உள்ள, சமூக நலத்தையும் கருதும் கட்டமைப்பு வந்தது.

‘பத்தியம்’, ‘டயட்’ ஆகியவற்றின் வேறுபாடும் அறியத்தக்கது. பத்தியம் நோயாளிக்குரியது; மருந்தோடு தொடங்கி, நோய் தீர்ந்ததும் முடிவது. இன்றைய மாணவியர் வழக்கில் ‘டயட்’ என்பது நோயில்லாதோரும் மேற்கொள்வது, முடிவுநாள் இல்லாதது, பல வேளைகளில் பட்டினியின் மறுபெயர். திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்னும் பெயரில் உணவைப் பேசுகிறது. உண்டது செரித்தபின், பசித்து, அளவறிந்து உண்பதே அதன் அறிவுரை, உணவை வெறுப்பதன்று.

அந்த அளவை இன்று தட்டிலேயே காட்டலாம். பாதியில் காய்கனி, காலில் முழுத்தானியம், மற்றொரு காலில் மீன், முட்டை, பருப்பு போன்றவை என்பது சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பரப்பப்படும் எளிய முறை. நம் வீட்டுச் சோறு, சாம்பார், கீரை, மீன் குழம்பு ஆகியவை இம்முறைக்கு அயலானவை அல்ல. சோற்றின் பங்கைக் குறைத்துக் கீரையின் பங்கைக் கூட்டினால் போதும்.

மாணவி உணவைத் தொடர்ந்து ஒதுக்கினாலோ, உண்டதை வலிந்து கக்கினாலோ, வந்துகொண்டிருந்த மாதவிடாய் நின்றாலோ, அறிவுரையோடு அமையாமல் மருத்துவரை நாட வேண்டும். மற்ற நாள்களில் நாம் செய்யக்கூடியது எளிது. ‘சாப்பிட்டாயா?’ என்று தொடர்ந்து கேட்போம். அது நம் மொழியின் அன்பு. அடுத்துவரும் கூற்றை மட்டும் விடுத்து, ‘வா, சேர்ந்து உண்போம்’ என்று அழைப்போம்.