இரத்த ஓட்டம் நிற்கும்போது மூளையைக் காப்பது எப்படி?

நம் உடலிலுள்ள தமனிகளில் மிகப் பெரியது மகாதமனி. இருதயத்தின் இடது கீழறையிலிருந்து மேல்நோக்கிப் புறப்படும் இது, கைத்தடியின் பிடிபோல் வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. வளைவின் மேற்புறத்தில் மூன்று கிளைகள் பிரிகின்றன. தலைக்கும் கைகளுக்கும் வேண்டிய இரத்தம் இவற்றின் வழியாகவே செல்கிறது.

உயர் இரத்த அழுத்தம், முதுமை, பிறவிக் குறைபாடு போன்ற காரணங்களால் சிலருக்கு இவ்வளைவின் சுவர் நலிந்து பலூன்போல் உப்பிவிடுகிறது. அது வெடித்தால் உயிர் பிழைப்பது அரிது. ஆகவே பழுதான பகுதியை வெட்டி நீக்கி, செயற்கை இழையால் நெய்த குழாயை அங்கே தைக்கிறார்கள். வாய்க்காலின் கரையைச் சீர்செய்ய வேண்டுமானால் முதலில் மதகை அடைக்க வேண்டும் அல்லவா? இங்கு மதகை அடைத்தால் வறண்டுபோவது மூளை!

மூளை நம் உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே. ஆனால் நாம் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லிலிட்டர் இரத்தம் அதற்குத் தேவை. தசையைப்போல அது ஆக்சிஜனைச் சேமித்து வைப்பதில்லை. இரத்தம் அறவே நின்றால் சுமார் 10 வினாடிகளில் நினைவு தப்பும். ஐந்து நிமிடங்களுக்குள் நரம்புச் செல்கள் அழியத் தொடங்கும். குழாயைத் தைக்கவோ அதைவிடப் பல மடங்கு நேரம் வேண்டும்.

இதற்கு ஒரு வழி, குளிர்வித்தல். வெப்பநிலை குறையக் குறைய மூளையின் தேவையும் குறைகிறது. இருதய-நுரையீரல் இயந்திரத்தின் வழியே இரத்தத்தைக் குளிரச் செய்து, உடல் வெப்பநிலையை 37 டிகிரி செல்சியசிலிருந்து சுமார் 18 டிகிரிக்குக் கொண்டுவருகிறார்கள். அந்நிலையில் மூளையின் தேவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிடும். பிறகு இயந்திரத்தையும் நிறுத்தலாம். அமெரிக்க மருத்துவர் ராண்டால் கிரெப்பும் அவருடைய குழுவினரும் இம்முறையில் வளைவை மாற்றிய அனுபவத்தை 1975இல் வெளியிட்டனர். எனினும் இது தரும் அவகாசம் சுமார் 20 முதல் 30 நிமிடங்கள்தான்.

மற்றொரு வழி, மூளைக்கு மட்டும் தனியே இரத்தம் ஊட்டுவது. மைக்கேல் டிபேக்கி குழுவினர் 1957இல் வெளியிட்ட அறுவையிலேயே இக்கருத்து இருந்தது. இன்று பெரும்பாலும் வலது அக்குள் தமனி வழியாக இரத்தம் செலுத்துகிறார்கள். அது வலது கழுத்துத் தமனி வழியே மூளையை அடைகிறது. அப்படியானால் இடப்பக்கம்? மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக உள்ளன. 1664இல் இதை விளக்கிய தாமஸ் வில்லிஸின் பெயரால் இது வில்லிஸ் வளையம் எனப்படுகிறது. வலப்பக்கத்து இரத்தம் இதன் வழியே இடப்பக்கமும் செல்லும். ஆனால் பலருக்கு இவ்வளையம் முழுமையாக இருப்பதில்லை. ஆகவே நெற்றியின் இருபுறமும் ஒளி உணர்விகளை ஒட்டி, மூளையின் ஆக்சிஜன் அளவைக் கண்காணிக்கிறார்கள். ஒரு பக்கம் குறைந்தால் இடது கழுத்துத் தமனிக்கும் குழாய் செருகுவார்கள்.

இவ்விரண்டு வழிகளாலும் முற்றிலும் தடுக்க முடியாத ஆபத்து ஒன்றும் உண்டு. முதியோரின் மகாதமனிச் சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்திருக்கும். அறுவையின்போது அதில் ஒரு துணுக்கு உடைந்தோ, ஒரு காற்றுக் குமிழி நுழைந்தோ மூளைத் தமனியை அடைத்தால் பக்கவாதம் உண்டாகலாம். சிலருக்குச் சில நாட்கள் மட்டும் மனக்குழப்பம் இருந்து மறையும்.

எனவே, தையல் முடிந்து இருதயம் நன்கு துடிக்கத் தொடங்கினாலும் மருத்துவருக்கு நிம்மதி பிறப்பதில்லை. மயக்கம் தெளிந்த நோயாளியிடம், “கையை அசையுங்கள், காலை அசையுங்கள்” என்கிறார். இரு கைகளும் இரு கால்களும் அசைந்த பிறகே அறுவை வெற்றி என்று அவர் நம்புகிறார்.